கொட்டிக்கிழங்கும் என் கையெழுத்தும்

பாய்,

இன்று காலை நாற்றங்காலில் புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவர், ஏரியிலிருந்து கொண்டுவந்த ஈரச் சாக்கை என் அறை வாசலில் இறக்கிவைத்துவிட்டுக் கைகழுவப் போனார். சேற்றில் இரண்டு நாள் கிடந்த சாக்கு. அந்த வாடை அறைக்குள் வந்ததும் என் கை, என்னைக் கேட்காமலே, மேசை இழுப்பறைக்குள் போய் சாவிக்கொத்து இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. சாவி இருந்தது. என்ன செய்தேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் அந்த வாடைக்கு என் உடம்பு செய்யும் முதல் காரியம் சாவியைத் தேடுவதுதான். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் ஆச்சரியப்படமாட்டீர்கள்.

நீங்கள் முதல்முதலாக இந்த நாற்றங்காலுக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. திண்டிவனத்துக்கு வெளியே, கிணற்றடியில், நான் வேலை பார்க்கும் ஏரி மீட்பு அமைப்பு குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர். இருபது வருடம் வளைகுடா நாட்டில் தோட்ட வேலை பார்த்துவிட்டு கோட்டக்குப்பத்துக்குத் திரும்பியவர், நீர்ச்செடிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்திருந்தீர்கள். நான் இரண்டு தொட்டிகளைக் காட்டி, எது அல்லி, எது அல்லியைப்போல இருக்கும் களை என்று கேட்டேன். தண்ணீருக்குள் கையை விட்டு இலைக்காம்பைத் தடவிவிட்டு, திருப்பி என்னைக் கேட்டீர்கள்.

"இதுங்கள காப்பாத்தி யாருக்கு மேடம் குடுக்கப் போறீங்க? எதுனா மருந்து கம்பெனியா?"

"யாருக்கும் இல்ல பாய். ஏரிக்கே திருப்பிக் குடுக்கறதுக்குத்தான்."

"அப்டிங்களா," என்றீர்கள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் உங்கள்மேல் நம்பிக்கை வரவில்லை. வெளிநாட்டில் அவ்வளவு காலம் இருந்தவர் இந்தச் சம்பளத்துக்கு ஏன் வருகிறார் என்று அன்று மாலையே யோசித்தேன். நம் பழக்கம் இரண்டு பக்கமும் அப்படித்தான் தொடங்கியது.

ஆனாலும் வேலை நன்றாக நடந்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் உள்ள அந்த ஏரியைச் சீரமைக்க நம் அமைப்பிடம் கொடுத்திருந்தார்கள். ஊர்ப் பெயரை இப்போதும் எழுதமாட்டேன். அரிய செடி இருக்கும் இடத்தைத் தாளில் எழுதக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம், நீங்கள் அதை உங்கள் பாஷையில் சொன்னீர்கள்: "பேர எழுதினா ஆள் வரும்." ஏரியில் பாதியை நெய்வேலிக் காட்டாமணக்கு மூடியிருந்தது. மீதியை ஆகாயத்தாமரை பிடித்திருந்தது. அதை இழுத்துக் கரையேற்றிய மாதங்களில் உங்கள் தோளில் கயிறு அறுத்த தழும்பு விழுந்தது. ஒருநாள் கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது சொன்னீர்கள்: "அங்க தண்ணி இல்லாத எடத்துல புல்லு வளத்தேன். இங்க தண்ணி இருக்கற எடத்துல புல்லு புடுங்கிக்கினு இருக்கேன். ரெண்டுக்கும் சம்பளம் குடுக்கறான் பாருங்க." அன்று நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நீங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்கள். இப்படியும் நாள்கள் இருந்தன என்பதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இனி எழுதப்போவதில் இவை வராது.

ஊரும் நம்மை நம்பவில்லை. கரைக்குக் கீழே நிலம் வைத்திருந்த அஞ்சலை அக்கா தினமும் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நம்மைக் கடந்துபோவார். ஏரியைப் பறவைச் சரணாலயம் ஆக்கிவிடுவோம் என்று அவருக்குப் பயம். கேட்பது ஒரே கேள்விதான். "பறவைக்குனு வேலி போட்டுட்டா எங்க மாடு எங்க போவும்?" வேலி இல்லை என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "முதல்ல எல்லாரும் அப்டித்தான் சொல்றது," என்று போய்விடுவார். அவர் சொன்னதிலும் தவறில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, வடக்கு மதகடியில் காட்டாமணக்குப் புதரை வெட்டிக்கொண்டிருந்த நீங்கள் கூப்பிட்டீர்கள். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. கையை மட்டும் அசைத்தீர்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில், வெட்டிய புதருக்கு நடுவே வெளிச்சம் விழுந்த இடத்தில், நீண்ட இலைகள் தண்ணீர்மேல் படுத்திருந்தன. நடுவிலிருந்து ஒற்றைக் கதிராகப் பூ நிமிர்ந்திருந்தது. வெளிறிய ஊதா. கொட்டி. இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் எந்தக் குட்டையிலும் கிடந்த செடி. நான் வேலைக்கு வந்த பிறகு ஏரி ஏரியாகத் தேடி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அஞ்சலை அக்கா கரையிலிருந்தே அடையாளம் சொன்னார்.

"அட, கொட்டிக்கெழங்கு. சின்னதுல நோண்டி வேவவச்சித் துன்னுவோம். இன்னமும் கெடக்குதா?"

நீங்கள் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "இந்தம்மா ஊர்ல போயி சொல்லப் போவுது."

அன்று நாம் மூங்கில் குச்சிகள் நட்டோம். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குச்சி, குச்சியில் எண் எழுதிய தகரத் துண்டு. ஐம்பத்திரண்டு செடி. வரைபடம் என்னிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. வேறு யாரிடமும் இல்லை.

தை பிறந்ததும் குச்சிகள் குறைய ஆரம்பித்தன.

முதலில் மூன்று. பிறகு ஏழு. தண்ணீர் வடிய வடிய இன்னும் போனது. செடி போன இடத்தில் கையளவு குழி. கிழங்கோடு தோண்டி எடுத்திருந்தார்கள். குச்சியையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பன்றி தோண்டினால் குச்சி சாய்ந்து கிடக்கும். நீர்க்கோழி கிளறினால் இலை மிதக்கும். குச்சியை எடுத்துப் போகும் விலங்கு எது? மீன் தொட்டியில் அழகுக்கு வைக்கும் செடிகளில் கொட்டியும் ஒன்று என்றும், அதன் கிழங்குக்கு நகரத்துக் கடைகளில் கிராக்கி உண்டு என்றும் எனக்குத் தெரியும். எடுத்தவருக்கு இடம் தெரிந்திருக்க வேண்டும். குச்சியையும் எடுத்துவிட்டால் நாம் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தாமதமாகும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அஞ்சலை அக்காவுக்கு இடம் தெரியும், நாம் எண்ணுவது தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் எடுக்கவில்லை.

உங்களிடம் சொன்னேன். "பாய், குச்சி குறையுது."

நீங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டே, "நானும் பாத்தேன் மேடம்," என்றீர்கள்.

"யாருனு நெனைக்கறீங்க?"

"எப்டிச் சொல்றது. எல்லாருக்கும்தான் தேவை இருக்குது."

அந்தப் பதிலை ஒரு வாரம் என் மண்டையில் வைத்து உருட்டினேன். உருட்ட உருட்ட அது ஒப்புதல் வாக்குமூலம் போலவே கேட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி போயிருந்தேன். திரும்பும்போது ஒரு சந்தில், வண்ணமீன் விற்கும் கடை வாசலில் உங்கள் வண்டி நின்றது. பின்னிருக்கையில் ஈரச் சாக்கு. அம்மாவை ஜூஸ் கடையில் உட்காரவைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து மாடிப்படி மறைவில் நின்றேன். நீங்கள் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீரோடு, கை மாறியது. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதை நான் பார்க்கவில்லை. நடுவில் ஒரு ஆட்டோ வந்து நின்றுவிட்டது. ஆட்டோ போனபோது உங்கள் கை காலியாக இருந்தது. அதை மட்டும்தான் பார்த்தேன். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை நாற்றங்காலின் பூட்டை மாற்றினேன். நீங்கள் காலையில் வந்து பழைய சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் வரும்வரை கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"சாவி மாத்திட்டீங்களா மேடம்?"

"துருப்பிடிச்சிருந்துது பாய்."

"அப்டிங்களா."

முதல் நாள் சொன்ன அதே 'அப்டிங்களா'. உங்கள் பழைய சாவியை மேசைமேல் வைத்தீர்கள். புதுச்சாவி கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அதைவிடக் கேவலமான ஒன்றும் செய்தேன். மாசியில் ஒரு மத்தியானம், நீங்கள் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், உங்கள் பையைத் திறந்து பார்த்தேன். சாப்பாட்டு டப்பா. ஒரு துண்டு. பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் இரண்டு. சுருட்டி வைத்த பழைய செய்தித்தாள். அதைப் பிரித்தேன், காலி, ஆனால் உள்ளே சேறு காய்ந்திருந்தது. அந்தச் சேற்றை விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். மாத்திரை என்ன மாத்திரை என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால், என் அப்பா கடைசி வருடத்தில் நெஞ்சுக்குச் சாப்பிட்ட அதே மாத்திரை என்று எனக்குத் தெரிந்திருக்கும். அந்த அட்டையின் நிறம்கூட இப்போது ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அது என் கண்ணில் ஏறவில்லை.

பங்குனியில் கரை வேலை வந்தது. முந்தைய மழையில் கரை உடைந்து அஞ்சலை அக்காவின் நெல் முழுக்கப் போயிருந்தது, உங்களுக்குத் தெரியும். அடுத்த மழைக்கு முன் பலப்படுத்தியே ஆக வேண்டியிருந்தது. மண்ணைத் தெற்கே ஆழமான பகுதியிலிருந்து எடுப்பது, வடக்கு ஓரத்தைத் தொடாமல் விடுவது என்பதுதான் நாம் போட்ட திட்டம். கொட்டிக்கு முழங்கால் தண்ணீர்தான் வேண்டும். கோடையில் இலை கருகி, கிழங்கு காய்ந்த சேற்றுக்குள் தூங்கும். ஆழப்படுத்தினால் அது மறுபடி எழாது. ஒப்பந்தக்காரர் குமரவேல் என்னைத் தேடி நாற்றங்காலுக்கே வந்தார்.

"மேடம், வடக்கால எடுத்தா லாரி நேரா ஏறிடும். தெக்கால போனா சுத்திக்கினு வரணும். அதுக்குள்ள மழ புடிச்சிக்கும். அப்புறம் கர ஒடஞ்சா என்னக் கேக்காதீங்க."

"வடக்குல செடி இருக்குது."

"இருந்துதுனு சொல்றாங்க. இப்ப இருக்குதா? இல்லனு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா ஜல்தியா முடிச்சிடுவேன்."

மறுநாள் தனியாகப் போனேன். உங்களைக் கூப்பிடவில்லை. சேறு வெடித்து, பாளம் பாளமாகக் கிடந்தது. மீதமிருந்த குச்சிகளை மாடுகள் மிதித்துச் சாய்த்திருந்தன. கடப்பாரையால் ஆறு இடத்தில் குத்திப் பார்த்தேன். ஆறும் வெறும் குழி. ஏழாவது இடத்தில் ஒன்று கிடைத்தது. நெல்லிக்காய் அளவு, வேர்மயிர் மூடிய கிழங்கு. நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளையாக இருந்தது, உயிர் இருந்தது.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பாய். அந்தக் கிழங்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒன்று இருந்தால் பத்து இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வேலையில் அத்தனை வருடம் இருந்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. எப்படியும் அந்த ஆள் மீதியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். திருடனுக்காகக் காவல் காத்து ஊர்க் கரையை ஏன் உடையவிட வேண்டும்? அன்று சாயங்காலம் குமரவேல் கேட்ட தாளில் 'தற்போது செடிகள் ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் கைகழுவும்போது நீங்கள் வந்து நின்றீர்கள். என் நகக்கண்ணில் சேறு இருந்தது. அதைப் பார்த்தீர்கள்.

"கையெழுத்து போட்டுட்டீங்களா?"

"அங்க ஒண்ணும் இல்ல பாய். யாரோ எடுத்துக்கினு போய்ட்டாங்க."

"யாரோனா?"

"அத நீங்கதான் சொல்லணும்."

குழாயை நான் சரியாக மூடவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் குனிந்து அதை இறுக்கி மூடினீர்கள். பிறகு கேட்டீர்கள்:

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல."

கைப்பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளும் நீங்கள் வேலைக்கு வந்தீர்கள். அதற்கு மறுநாளும். அதுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. கோபித்துக்கொண்டு போயிருந்தால் என் சந்தேகம் ஊர்ஜிதமாகியிருக்கும். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். நீங்கள் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினீர்கள், களையெடுத்தீர்கள், கேட்டதற்குப் பதில் சொன்னீர்கள். கரையில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவது மட்டும் நின்றுபோனது. சித்திரையில் பொக்லைன் வந்து வடக்கு மதகடியை இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டியது. அன்று நீங்கள் விடுப்பு எடுத்திருந்தீர்கள். நானும் போகவில்லை.

ஆவணியில் உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. காலையில் எழுந்திருக்கவில்லை என்றார்கள். நான் கோட்டக்குப்பம் வந்து, உங்கள் தெருமுனையில், பெண்கள் நின்ற கூட்டத்தோடு நின்றேன். உள்ளே வரத் தைரியம் வரவில்லை. ஒரு பெண், "நீங்க யாரு?" என்று கேட்டார். "கூட வேல பாத்தவ," என்றேன்.

மூன்று வாரம் கழித்து உங்கள் வீட்டம்மா கூப்பிட்டார்.

"மேடம், மாடியில தொட்டிங்க இருக்குது. கொசு வருதுனு பக்கத்து வூட்டுல ஒரே சண்ட. எடுத்துக்கினு போய்டுங்க. உங்களுதுதான்னு சொல்லிக்கினு இருந்தாரு."

என்னுடையதா? நாற்றங்காலிலிருந்து எதையெல்லாம் அடித்துக்கொண்டு போனாரோ என்ற நினைப்போடுதான் படி ஏறினேன். செத்துப்போன மனிதரின் வீட்டு மாடிப்படியில்கூட எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மாடி முழுக்கக் கொட்டி.

பழைய குளிர்பதனப் பெட்டிகளைப் படுக்கவைத்து, கதவைக் கழற்றி, சேறு போட்டுத் தண்ணீர் கட்டியிருந்தீர்கள். உடைந்த சின்டெக்ஸ் தொட்டியின் அடிப்பாதி. குழந்தை குளிக்கும் டப். பெயிண்ட் வாளிகள். மேலே பச்சை வலை கட்டி வெயிலைக் குறைத்திருந்தீர்கள். சில பூத்திருந்தன. ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் ஒரு மூங்கில் குச்சி, குச்சியில் தகரத் துண்டு, தகரத்தில் என் கையெழுத்தில் எண். நாலு. ஒன்பது. பதினேழு.

உங்கள் வீட்டம்மா மாடி வாசலில் நின்றபடி பேசினார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. அதனால் மறைக்காமல் சொன்னார். "சாக்குல கட்டி எடுத்துக்கினு வருவாரு. இன்னாத்துக்கு இந்தச் சேறு, ஒடம்பு இருக்கற இருப்புலனு கேட்டா, 'அந்தம்மா கையெழுத்து போட்டுடும், அதுக்குள்ள எடுத்துடணும்'னு சொல்லுவாரு."

"எப்பலருந்து அப்டிச் சொன்னாரு?"

அவர் யோசித்தார். "தையிலருந்தே சொல்லிக்கினு இருந்தாரு."

தையில் கரை வேலைக்கு ஒப்பந்தமே ஆகவில்லை. குமரவேலை நான் பார்த்ததே இல்லை. கையெழுத்துப் போட ஒரு தாளும் இல்லை. அப்போதே நீங்கள் என்னைப்பற்றி முடிவு செய்திருந்தீர்கள். முதலில் எனக்கு வந்தது கோபம்தான், பாய். அழுகை அப்புறம். எதை வைத்து அப்படி நினைத்தீர்கள்? கூட்டங்களில் மேலிடத்து ஆள்கள் பேசும்போது நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தா? ஒருவேளை வளைகுடாவில் இருபது வருடத்தில் தாளோடு வரும் மனிதர்களை நிறையப் பார்த்தவர் என்பதாலா? கேட்டிருக்கலாம். நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம், நான் உங்களைக் கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் 'அப்டிங்களா' என்று சொல்லிக்கொண்டு இருந்துவிட்டோம்.

இதை நான் எத்தனையோ முறை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டேன். நான் விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். அதனால் கிழங்குகளை எடுத்தீர்கள். கிழங்குகள் குறைந்ததால் நான் உங்களைத் திருடன் என்று சந்தேகப்பட்டேன். உங்களைத் திருடன் ஆக்கியதால் கையெழுத்துப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. கையெழுத்துப் போட்டதால் உங்கள் சந்தேகம் சரி என்று ஆனது. எங்கே அறுத்திருக்கலாம் என்று பார்த்தால், அந்தக் குழாயடிதான். ஒரு கிழங்கைக் கைப்பையிலிருந்து எடுத்து உங்கள் கையில் வைத்திருந்தால் போதும்.

ஆனாலும் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். என் சந்தேகம் முழுசாகப் போய்விடவில்லை. பொக்லைன் வருவதற்கு முன், நான் எண்ணியவரை, ஏரியில் குறைந்தவை நாற்பத்தொன்று. மாடியில் நான் எண்ணியது முப்பத்து மூன்று. எட்டு இல்லை. அழுகிப்போயிருக்கலாம், இடம் மாற்றினால் சில பிழைக்காது. அந்த வண்ணமீன் கடைக்கும் போனேன். கடைக்காரர் உங்களை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்.

"பாயா? வருவாரே. கெழங்கு எங்கிருந்து வருது, யாரு கொண்டாறாங்கனு நோண்டி நோண்டி கேப்பாரு. என்கிட்ட இருந்தத ஒரு தடவ வாங்கிக்கினு கூடப் போனாரு."

"அவரு உங்களுக்குக் குடுத்திருக்காரா?"

அவர் தொட்டியில் மீனுக்குத் தீனி தூவிக்கொண்டே சொன்னார். "குடுத்தாரா, வாங்கினாராம்மா... தெனம் நூறு பேரு வர்றாங்க. ரெண்டும் இருக்கும்."

அதற்குமேல் அவரைத் துருவவில்லை. அந்த எட்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். உங்களை மகானாக்கிக் கும்பிடுவதும் ஒருவகையில் என் பக்கத்தைச் சுலபமாக்கிக்கொள்வதுதான். நீங்கள் எட்டுக் கிழங்கை விற்றிருந்தாலும் நான் எழுதிய வரி பொய்தான்.

ஐப்பசியில் அமைப்புக்கு எழுதிக்கொடுத்தேன்: நான் பார்த்தபோது செடி இருந்தது, இல்லை என்று எழுதினேன் என்று. கைப்பையில் போட்ட கிழங்கைப்பற்றி மட்டும் எழுதவில்லை. அதை இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன். அது பைக்குள்ளேயே காய்ந்து சுருங்கிப்போயிருந்தது. நட்டால் நான் பார்த்தேன் என்பது தெரிந்துவிடும் என்று நடாமலே விட்டிருந்தேன். அமைப்பில் யாரும் கத்தவில்லை. ஒரு வருடம் எந்த ஏரிக்கும் ஆய்வுக்குப் போக வேண்டாம், எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு வருடமும் நாற்றங்காலில் உங்கள் வேலையைத்தான் பார்த்தேன். தொட்டி கழுவுவது தோளை எப்படி வலிக்கவைக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த மழைக்காலத்திலேயே உங்கள் மாடிச் செடிகளை ஏரியின் தெற்கு ஓரத்தில், முழங்கால் தண்ணீரில் நட்டோம். அஞ்சலை அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். நடும்போது என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அந்தப் பாயி எடுத்துக்கினு போறத நான் பாத்தேன். எதுக்குனு கேட்டதுக்கு, யாருகிட்டயும் சொல்லாதம்மானாரு. சொல்லல. சொல்லியிருக்கணுமா?"

ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று நீங்கள் பயந்த மனுஷி. "தெரியலக்கா," என்றேன். அவர் அடுத்த குழிக்கு நகர்ந்தார். கரை அந்த மழைக்கு நின்றது. அவருடைய நெல்லும் நின்றது. அது என் கையெழுத்தால் கிடைத்த மண். அதையும் நான் மறைக்கக் கூடாது. நட்டதில் பாதிக்குமேல் பிழைத்தது. இந்த வருடம் பூத்துக் காய்த்தது. புதிதாகச் சில நாற்றும் வந்திருக்கிறது. வடக்கு மதகடியில் தண்ணீர் ஆழமாக, பச்சையாக நிற்கிறது. பிள்ளைகள் குதித்துக் குளிக்கிறார்கள். அங்கே ஒன்றும் முளைக்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். வீட்டம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். "அவரும் லேசுப்பட்ட ஆளு இல்ல மேடம். என்னையே நம்பமாட்டாரு," என்றார். அவர் சொன்னது உங்களைக் குறைத்தா, எனக்கு ஆறுதலாகவா என்று எனக்கு விளங்கவில்லை.

போன மாதம்தான் என்னை மறுபடி ஆய்வுக்கு அனுப்பினார்கள். கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு சிறிய ஏரி. தூர் எடுக்க வேண்டும். முதல் நாள் முழுக்க நடந்து பார்த்தேன். குறிப்பிட்டுச் சொல்லும்படி செடி எதுவும் கண்ணில் படவில்லை. மறுநாள் காலை அந்த ஊர் ஒப்பந்தக்காரர் தாளோடு வந்து கரையில் நின்றார். நல்ல மனிதர், அவசரப்படுத்தக்கூட இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். நான் பேனாவை வாங்கி அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டு, செருப்பைக் கழற்றினேன்.

"நேத்துதான மேடம் சுத்திப் பாத்தீங்க?" என்றார்.

"ஆமா. நேத்து பாத்தது நான்தான்," என்றேன். "அதனாலதான் இன்னொரு தடவ பாக்கறேன்."

தண்ணீர் சில்லென்றிருந்தது. சேற்றுக்குள் காலால் துழாவிக்கொண்டே நடக்க ஆரம்பித்தேன்.